நான் எம்.சி. எடுத்த நாள்

குணா,

இதை வாய்ஸ் மெசேஜாக அனுப்பிவிடலாம் என்றாள் உன் தங்கை சுமதி. மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நான் அனுப்பும் மெசேஜை எல்லாம் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதாகப் போன தீபாவளிக்கு நீயே போனில் சொன்னாய், அதுவும் சிரித்துக்கொண்டே. எழுபத்தொரு வயதில் மூச்சு வாங்க மூச்சு வாங்க நான் பேசுவதை நீ அப்படிக் கேட்டுவிட்டு 'ஓகே மா' என்று ஒரு பதில் போடுகிறாய். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது. வலது கண்ணில் புரை முற்றிவிட்டதால் ஒவ்வோர் எழுத்தையும் கோழிமுட்டை அளவுக்கு எழுதியிருக்கிறேன், பன்னிரண்டு பக்கம் வந்துவிட்டது. சுமதி படம் எடுத்து அனுப்புவாள். மீட்டிங் நடக்கும்போது மேசைக்கு அடியில் வைத்துப் பார்க்காதே. உட்கார்ந்து படி. உன்மேல் எனக்குக் கோபம். இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு நடுவில் நான் நல்லவிதமாக எதையாவது எழுதிவிட்டால் கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வாய்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். கண் ஆபரேஷன் என்றைக்கு என்று கேட்டாய். அடுத்த மாதம் முதல் வாரம் என்றேன். "மூணாவது வாரத்துக்கு மாத்த முடியுமான்னு கேளுங்கம்மா, அப்ப நான் பக்கத்துலயே இருப்பேன்" என்றாய். மூன்று வருடமாக வராத பிள்ளை வருகிறேன் என்கிறான், எனக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்வீட்டு மேரியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். மறுநாளே சுமதியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பித் தேதியை மாற்றினேன். அதற்கு முன், அந்தப் போனிலேயே, நீ சந்தோஷமாகப் பேசிக்கொண்டே இருந்தாய். பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாய். உங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் கம்பி ஒட்டும் பட்டறையை மூடப்போகிறீர்கள், அங்கே இருக்கிற முப்பது பேரையும் வீட்டுக்கு அனுப்பப்போகிறீர்கள், அதை அந்த மூன்றாவது வாரம் புதன்கிழமை கூட்டம் போட்டுச் சொல்லப்போகிறீர்கள் என்று. "யாரு சொல்லுவா, நீதானே?" என்று கேட்டேன். "டெப்புட்டி படிச்சிடுவாரும்மா. நான்தான் உங்க ஆபரேஷனுக்கு வந்துடுவேனே" என்றாய்.

தேதியை மாற்றிய பிறகுதான் எனக்கு உறைத்தது. முதல் வாரம் உனக்கு வேலை இல்லை. இரண்டாவது வாரமும் இல்லை, நீயே சொன்னாய், வீட்டுத் தோட்டத்தில் புல் வெட்டப்போவதாக. அந்தப் புதன்கிழமை இருக்கிற வாரம் மட்டும்தான் உனக்கு அம்மா வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய், அதுவும் நான் வடித்த சோற்றில். அங்கே உன்னைப் பற்றி என்ன சொல்வார்கள்? பாவம் டைரக்டர், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், வேறு வழியில்லாமல் போயிருக்கிறார் என்பார்கள். என் கண்ணை நீ எம்.சி. ஆக்கிவிட்டாய். எம்.சி. என்றால் என்ன என்று உனக்கு நினைவிருக்கும். உடம்பு சரியில்லை என்று கிளினிக்கில் டாக்டர் எழுதித் தரும் அந்தச் சின்னச் சீட்டு, அதைக் காட்டினால் அன்றைக்கு யாரும் நம்மைக் கேள்வி கேட்க முடியாது. உன் அம்மா அதைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் இத்தனை பக்கம்.

உன் வேலையை நான் யாருக்கும் ஒழுங்காக விளக்கியதில்லை. கோயில் தலைவர் இன்னமும் நீ அணுகுண்டு செய்கிறாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். "இல்லண்ணே, அணுவுக்கும் உள்ள இருக்கிற துகளைத் தேடுறான். பூமிக்கு அடியில வளையமா ஒரு குகை, அதுல ரெண்டு பக்கத்துல இருந்தும் துகளை ஓடவிட்டு மோத வெப்பாங்க, மோதித் தெறிக்கிறதைப் பாப்பாங்க" என்று நான் சொன்னால், "மோதி?" என்கிறார். மோதி அவ்வளவுதான், எனக்குத் தெரிந்தது அங்கே முடிகிறது. சிம்பாங் ரெங்கம் தமிழ்ப்பள்ளியில் படித்து, ஆறாம் படிவம் குளுவாங்கில் முடித்து, கோலாலம்பூரில் பட்டம் வாங்கி, உபகாரச் சம்பளத்தில் ஐரோப்பாவுக்குப் போய் டாக்டர் பட்டம் வாங்கினாய். அப்புறம் பத்து வருடம் அந்தத் துகளைப் பார்க்கிற கருவியோடு கிடந்தாய். நூறு பேருக்குத் தலைவனானாய். ஒரு சின்ன ஆராய்ச்சிக்கூடத்துக்கு டைரக்டர், இப்போது பெரிய கூடத்துக்கு டைரக்டர். எல்லாம் எனக்கு மனப்பாடம், கல்யாண வீட்டில் கேட்டால் மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். ஆனால் உன் உத்தியோகத்தில் எனக்கு நன்றாகப் புரிந்த இடம் ஒன்றே ஒன்றுதான், அதை நீ மூடப்போகிறாய்.

இப்போது நீ டைரக்டராக இருக்கும் அதே கூடத்துக்கு மாணவனாகப் போன முதல் வருடம் ஒருநாள் போன் செய்து அழாத குறையாகப் பேசினாய். உனக்குக் கொடுத்த கருவித் தகட்டில் ஒரு எலக்ட்ரானிக் சில்லிலிருந்து இன்னொரு சில்லுக்குக் கம்பி ஒட்ட வேண்டும், தலைமுடியைவிட மெல்லிய கம்பி, நீ ஒட்டினால் நிற்கவே மாட்டேன் என்கிறது. "ப்ரொஃபஸரைக் கேட்டியா?" என்றால், கேட்க வெட்கம் என்றாய். குணா, இருபத்திரண்டு வருடம் செனாய் பக்கத்து ஃபேக்டரியில் நான் அந்த வேலையைத்தான் செய்தேன். நாங்கள் தங்கக் கம்பி, நீங்கள் அலுமினியக் கம்பி, வேறு வித்தியாசம் இல்லை. "எவனாவது வெறுங்கையால தொட்டிருப்பான், ஸ்பிரிட் போட்டுத் தொடைச்சுட்டு மறுபடி ஒட்டிப் பாரு" என்றேன். மறுநாள் நின்றுவிட்டது என்று போன் செய்தாய். பட்டறையில் மார்த்தா என்று ஒரு அக்கா இருக்கிறாள், அவளும் நான் சொன்னதையேதான் சொன்னாள் என்றாய். அதற்குப் பிறகு இரண்டு வருடம் உன் போனில் மார்த்தா பெயர் வராத நாள் இல்லை. மார்த்தா கற்றுக்கொடுத்தாள், மார்த்தா திட்டினாள், மார்த்தா கேக் கொண்டுவந்தாள்.

அந்தப் பெரிய கூடத்துக்கே நீ டைரக்டராகப் போனபோது என்னை அழைத்துப்போனாய். குகையைக் காட்டினாய், கட்டடம் உயரத்துக்குக் கருவியைக் காட்டினாய், எனக்குக் கால் வலித்ததுதான் மிச்சம். பட்டறைக்குள் போனதும் ஸ்பிரிட் வாசனை வந்தது, நான் நின்றுவிட்டேன். நீல மேலங்கி, தலைக்கு உறை, வரிசையாக மைக்ராஸ்கோப்புகள். மார்த்தா எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். அவள் பேசுவது எனக்குத் தெரியாது, நான் பேசுவது அவளுக்குத் தெரியாது. தன் நாற்காலியில் என்னை உட்காரவைத்தாள். ஸ்கோப்பில் பார்த்தேன், நாலாவது கம்பியின் அடி ஒட்டாமல் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. அவள் கையைத் தட்டிக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு அப்படிச் சிரித்தாள், பிறகு மற்ற எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாள். நீ வாசலில் நின்று மணியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்கு அடுத்த மீட்டிங் இருந்தது.

பட்டறையை மூடுவது சரியா தப்பா என்று நான் சொல்லப்போவதில்லை. அடுத்த இயந்திரம் வரப்போகிறது, கம்பி ஒட்டுகிற வேலையை இனி வெளியே கொடுப்பார்கள், அரசாங்கங்கள் நெருக்குகின்றன என்று நீ சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டேன். நீ மூடாவிட்டால் உனக்குப் பிறகு வருகிறவன் மூடுவான். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நீ அதைச் சொன்ன விதம் இருக்கிறதே. 'கட்டமைப்பு மாற்றம்' என்கிறாய். 'அந்தப் பிரிவு' என்கிறாய். "மார்த்தாவுமா?" என்று நான் கேட்டதற்கு, "தனித்தனி ஆளைப் பத்திப் பேசக்கூடாதும்மா" என்கிறாய். உன்னோடு நான் பேசினேனா, இல்லை உன் ஆபீஸ் கதவோடு பேசினேனா என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஃபேக்டரி மூடியது உனக்கு நினைவிருக்கும். நீ யூனிவர்சிட்டி விடுமுறைக்கு வந்திருந்தாய். கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு என்னை மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனாய். முந்நூறு பெண்கள் வெயிலில் நின்றோம். நீ முன்னால் போய் அதைப் படித்துவிட்டு வந்து, "இதுல கையெழுத்துப் போட்டவன் ஒரு தடவ வந்து மூஞ்சியக் காட்டியிருக்கணும்லா, கோழைப்பய" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாய். பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லாம் உன் பிள்ளை நல்லா கேட்டான் என்றார்கள். நான் மட்டும் உன் முகத்தைப் பார்க்காமல் மோட்டார்சைக்கிள் பக்கம் போய்விட்டேன். ஏன் என்று நீ கேட்கவில்லை, நானும் இத்தனை வருடம் சொல்லவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், எனக்கு அது குறுகுறுப்போடு நிற்கவில்லை.

நோட்டீஸ் ஒட்டுவதற்கு ஆறு மாதம் முன்னால் முதல் தொகுதி ஆட்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நான் அப்போது லைன் லீடர். ஒரு லைனில் பன்னிரண்டு பெண்கள். சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, "உன் லைன்ல நாலு பேரு. நீயே எழுதிக் குடுத்துடு, உனக்குத்தான் அவங்களத் தெரியும்" என்றார். முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. மூன்று பெயர் சுலபமாக வந்தது, அவர்கள் புதியவர்கள். நாலாவதாக காக் ரொக்கியா பெயரை எழுதினேன். எனக்குக் காக், அதாவது அக்கா; நீ அத்தை முறையில் மாக்சிக் ரொக்கியா என்று கூப்பிடுவாயே, அவள்தான். பதினாறு வருடம் எனக்குப் பக்கத்து ஸ்கோப். ஃபேக்டரி பஸ்ஸில் பக்கத்து இருக்கை. நீ ஆறாம் படிவப் பரீட்சை எழுதியபோது உனக்காக நோன்பு நாளில் வேண்டிக்கொண்டவள். அவளுக்குக் கண் தளர்ந்துவிட்டது, ஒட்டும் கம்பியின் எண்ணிக்கை குறைகிறது, வீட்டுக்காரர் ரயில்வேயில் இருக்கிறார், சமாளித்துக்கொள்வார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். காரணம் எல்லாம் உண்மைதான். நான் எழுதினேன் என்பதும் உண்மை.

வெள்ளிக்கிழமை அவர்களைக் கூப்பிட்டுச் சொல்வதாக ஏற்பாடு. லைன் லீடர் பக்கத்தில் நிற்க வேண்டும். அன்று காலை நான் கிளினிக்குக்குப் போய், வயிற்றுப்போக்கு என்று பொய் சொல்லி எம்.சி. வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். உன் அப்பா லோரி ஓட்டப் போயிருந்தார், அவருக்குக்கூடச் சொல்லவில்லை. சாயங்காலம் ஐந்து மணி இருக்கும், வாசலில் ரொக்கியா குரல். கையில் மங்குக் கிண்ணத்தில் சுடச்சுட அரிசிக் கஞ்சி, மேலே நெத்திலி. அன்றைக்கு வேலை போனவள், பஸ்ஸை விட்டு இறங்கி, மலாய்க்காரர் கிராமமான கம்பத்தில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்க் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு, எனக்கு உடம்பு சரியில்லை என்று பார்க்க வந்திருக்கிறாள். கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "எனக்கு லெட்டர் குடுத்துட்டாங்க, அடிக்" என்றாள், தங்கச்சி என்று என்னை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். அலமாக், என்ன இது என்று நான் வாயில் கை வைத்தேன். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, அவள் ஊட்டாத குறையாகக் கொடுத்த கஞ்சியைக் குடித்தேன். அவள் சொல்லச் சொல்ல அழக்கூடச் செய்தேன். நானெல்லாம் என்ன ஜென்மம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகும் நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம். அதுதான் கொடுமை. ஒவ்வொரு தீபாவளிக்கும் அவள் வந்தாள், ஒவ்வொரு ஹரி ராயா பெருநாளுக்கும் நான் போனேன். இந்த வருடம் சொல்லிவிடலாம் என்று போவேன், ரெண்டாங் கறி சாப்பிட்டுவிட்டு வருவேன். அவள் வீட்டுக்காரர் இறந்த பிறகு சிகாமட்டில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது என்னைக் கட்டிக்கொண்டு, "எப்பவாவது வா, உக்காந்து பேசலாம்" என்றாள். எட்டு வருடமாக நான் போகவில்லை. கால் வலி, கண் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். காரணத்துக்கு நம் குடும்பத்தில் என்றைக்கும் பஞ்சமில்லை.

உன்னைத் திட்டுவதற்காகத்தான் திங்கட்கிழமை பேனாவை எடுத்தேன். இரண்டு வரி எழுதியதும் கை ஓடவில்லை. எந்த வாயை வைத்துக்கொண்டு உன்னைக் கேட்பேன்? செவ்வாய்க்கிழமை காலை சுமதியைக் குளுவாங் ஸ்டேஷனில் கொண்டுபோய் விடச் சொன்னேன். "இந்தக் கண்ண வெச்சிக்கிட்டுத் தனியாவா? என்னா விளையாடுறீங்களா?" என்று கத்தினாள். ரயில் ஏறிவிட்டேன். சிகாமட்டில் ரொக்கியாவின் மகள் வந்து அழைத்துப்போனாள். ரொக்கியா சமையற்கட்டில் மணை போட்டு உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். ஆள் பாதியாகிவிட்டாள். "டா மக்கான்?" என்றாள், சாப்பிட்டாயா என்று. நான் உட்காரக்கூட இல்லை. நாங்கள் பேசியது மலாயில், உனக்குத் தமிழில் எழுதுகிறேன்.

"காக், அந்த லிஸ்ட்டுல உங்க பேர எழுதுனது நான்தான். எனக்கு அன்னைக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவள் கை நிற்கவில்லை. இன்னும் இரண்டு மீனுக்குத் தலை கிள்ளினாள். "தெரியும்" என்றாள்.

"யாரு சொன்னா?"

"சூப்பர்வைசர்தான். அன்னைக்கே நான் அவனோட சண்ட போட்டேன். 'என்னக் கேக்காத, உன் லீடர் எழுதுனது'ன்னு தாளத் தூக்கிக் காட்டிட்டான். பதினாறு வருஷமா பாக்குறேன், உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

நான் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். தெரிந்துதானா கஞ்சி கொண்டுவந்தாய், ஏன் என்று கேட்டேன்.

"நீ சொல்லுவேன்னு வந்தேன்" என்றாள். "பேரு எழுதுனதுக்கு எனக்குக் கோவம் இல்ல, அடிக். யாராவது ஒருத்தி எழுதித்தான் ஆகணும், எனக்கும் கண்ணு போச்சுன்னு எனக்கே தெரியும். நான் பக்கத்துல வந்து உக்காந்ததும் போர்வைய இழுத்துப் போத்திக்கிட்ட பாரு, அது எனக்குத் தாங்கல. வருஷா வருஷம் தீபாவளிக்கு வந்தேன், இந்தத் தடவ சொல்லுவா, இந்தத் தடவ சொல்லுவான்னு. அப்புறம் விட்டுட்டேன்."

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சோறு போட்டாள், சாப்பிட்டேன். கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். ரயிலில் வரும்போது அழுதுகொண்டேதான் வந்தேன், எதிரில் இருந்த சீனப் பையன் டிஷ்யூ கொடுத்தான். லாபிஸ் தாண்டியதும் அழுகை நின்றுவிட்டது. உன்மேல் இருந்த கோபம் திரும்ப வந்தது, முன்னைவிடக் கூடுதலாக.

ஏன் என்றால், மார்த்தாவுக்குத் தெரியும் குணா. இப்போதே தெரியும். முப்பது பேருக்கும் தெரியும். பட்டறை மூடுவது நடைக்கூடத்துப் பேச்சில் தெரியாமல் இருக்குமா? மூன்றாவது வாரம் நீ ஊருக்குப் போகிறாய் என்பதும் தெரியும். அம்மாவுக்கு ஆபரேஷனாம் என்று அவள் என்னைப் பற்றி நல்லவிதமாகத்தான் விசாரிப்பாள், எனக்குச் சின்னதாக ஏதாவது பரிசுகூட உன்னிடம் கொடுத்தனுப்புவாள், நீயும் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு வருவாய். நான் அதை எந்தக் கையால் வாங்குவேன்? நீ முடிவு எடுத்ததை அவள் ஒருநாள் மறந்துவிடுவாள். உனக்கு முதல் கம்பி ஒட்டக் கற்றுக்கொடுத்தவள் வேலையை விட்டுப் போகிற நாளில் நீ சிம்பாங் ரெங்கத்தில் அம்மா வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்ததை மறக்கமாட்டாள். உன் அம்மாவிடம் இருந்து நீ எடுத்துக்கொள்ள எத்தனையோ இருந்தது. இதைத்தானா எடுத்துக்கொண்டாய்? நான் சொல்லாமலே எப்படி வந்து சேர்ந்தது என்றுதான் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அதனால் இன்று காலை நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன். கவுன்டரில் இருந்த நர்ஸ் ஃபைலைப் பார்த்துவிட்டு, "எத்தன தடவ மாத்துவீங்க ஆன்ட்டி? இப்ப மாத்துனா இன்னும் ரெண்டு மாசம் காத்திருக்கணும், பரவால்லயா?" என்றாள். பரவாயில்லை என்றேன். சுமதி வாசலில் நின்று என்னோடு சண்டை போட்டாள். இன்னும் இரண்டு மாதம் இந்தக் கண்ணோடு நான் சமாளித்துக்கொள்வேன். மூன்றாவது வாரம் இங்கே ஆபரேஷன் இல்லை. உனக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை. டிக்கெட்டை மாற்று, வராதே. உன் முகத்தைப் பார்த்து மூன்று வருடமாகிறது, இதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று நான் சொல்லப்போவதில்லை.

புதன்கிழமை நீயே அவர்கள் முன்னால் போய் நில். தாளைப் பார்த்துப் படிக்காதே. திட்டுவார்கள், நின்று கேட்டுக்கொள், பதில் சொல்லாதே. அதற்கு முன்னால், செவ்வாய்க்கிழமையே, மார்த்தாவிடம் தனியாகச் சொல். உன் அறைக்குக் கூப்பிடாதே, அவள் இடத்துக்குப் போ. நான் உட்கார்ந்த நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி இருக்கும், அதில் உட்கார்ந்து சொல். சொல்லிவிட்டு உடனே எழுந்துவிடாதே. அவள் போகச் சொல்லும்வரை இரு.

எல்லாம் முடிந்த பிறகு எனக்குப் போன் செய். என்ன சொன்னாய், அவள் என்ன சொன்னாள் என்று அன்றைக்கு நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். நீ பேசாமல் இருந்தாலும் போனை வைக்கமாட்டேன்.

அம்மா